யாராவது போட்டுத் தருவாங்க

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் விலை கேட்பார்கள். அந்த அக்கா மட்டும், "கையில குடுங்க பாய்" என்பார்.

கொடுத்துவிட வேண்டும். கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிற டேப் ரிக்கார்டரை எடுத்து, மேசைமேல் அவருக்கு நேராக வைத்துவிட்டு நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். "இது பவருங்க, இது சவுண்டு" என்று ஆரம்பித்தால் போச்சு. "நான் உங்களக் கேட்டனா?" என்பார். பத்து விரலும் அந்தப் பெட்டியின் முகத்தில் ஊரும். மிளகுக் கொத்தை உருவி உருவிக் காய்ப்பேறிய விரல்கள். முற்றிய மிளகு எது, பொக்கு எது என்று தொட்ட மாத்திரத்தில் பிரித்துப் போடுகிற விரல்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது. பெட்டியை என் பக்கம் தள்ளிவிடுவார்.

"மொழுக்குன்னு இருக்குது. வேற எடுங்க."

செம்மேட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே என் கடை. ரேடியோ, டேப், டி.வி. விற்பனையும் ரிப்பேரும். எங்கள் குடும்பம் அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் இருந்தது. அத்தா அங்கே கடிகாரமும் டார்ச் லைட்டும் விற்றார். தொண்ணூறுகளின் கடைசியில் நான் மலைக்கு மேலே வந்து கடை போட்டேன். கரண்ட் வந்த ஊரெல்லாம் டேப் வாங்கிக்கொண்டிருந்த காலம். யார் எதைக் கேட்டாலும் விற்பதுதான் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

அக்காவுக்கு அப்போது நாற்பது இருக்கும். திருப்புலி நாட்டில் ஒரு சின்ன ஊர். சின்ன வயதில் அம்மை கண்டு இரண்டு கண்ணும் போய்விட்டது. சேலத்தில் கண் தெரியாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் சில வருஷம் படித்தார். அப்பா இறந்ததும், தம்பி சின்னப்பிள்ளை, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று படிப்பை நிறுத்தி ஊருக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். அந்தத் தம்பி வளர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளைகளும் ஆகிவிட்டன. அக்கா அதே வீட்டில் மிளகு பார்த்துக்கொண்டும், குச்சிக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டும், சாமை புடைத்துக்கொண்டும் இருந்தார். அந்த வீட்டு மிளகுக்குச் சந்தையில் தனி மதிப்பு. மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்கும் வியாபாரி, ஒரு பொக்கு இல்லையே என்று அதிசயப்படுவார். அது யார் கை என்று தம்பி யாரிடமும் சொன்னதில்லை.

இதையெல்லாம் அக்கா சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. தன் கதையைச் சொல்கிற ஆள் இல்லை அவர். கோபத்தைத்தான் சொல்வார்.

ஒருநாள் பஸ்ஸில் நானும் இருந்தேன். அக்கா கம்பியைப் பிடித்து ஏற, கண்டக்டர், "பாவம், கண்ணு தெரியாதவங்க, எடம் உடுங்கப்பா" என்றார். நல்ல மனுஷன்தான், நல்லபடியாகத்தான் சொன்னார். அக்கா படியிலேயே நின்றுவிட்டார்.

"பாவம் பண்ணுனது நானில்லீங்க கண்டக்டரே. இத்தன ஒசரத்துல படிய வெச்சான் பாருங்க, அவன்."

பஸ்ஸே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவர் சொல்வதைக் கேட்டு ஆட்கள் சிரிப்பார்கள். அவருக்கு அதில் இன்னும் கோபம் வரும். நான் வேடிக்கைக்குச் சொல்லலை என்று முகம் சொல்லும்.

முதல் டேப் வாங்க நான்கு தடவை வந்தார். நான் காட்டியதெல்லாம் புதுச்சரக்கு. லேசாகத் தொட்டாலே போதும் என்கிற மாதிரி, பட்டன் எங்கே இருக்கிறது என்றே தெரியாத வழவழப்பு. பார்க்க அழகு. கடைசியில் பொறுமை கெட்டு, அலமாரிக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்த பழைய மாடல் ஒன்றை எடுத்து வைத்தேன். ஆர்மோனியக் கட்டை மாதிரி ஆறு தடித்த கட்டைகள். ஒவ்வொன்றையும் அமுக்கும்போது 'டொக்' என்று சத்தம் வரும். ரேடியோவுக்கு உருட்டுகிற திருகு. அக்கா இடமிருந்து வலம் ஒருமுறை தடவினார், வலமிருந்து இடம் ஒருமுறை. கேசட்டைக் கேட்டு வாங்கித் தானே போட்டார், தானே ரிக்கார்டு கட்டையையும் பக்கத்துக் கட்டையையும் சேர்த்து அமுக்கினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பேசி, பின்னால் ஓட்டி, கேட்டார்.

முகம் இளகிப்போனது. நான் பார்த்ததில் அப்படி இளகியது அந்த ஒருமுறைதான்.

"இத உள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டு நாலு வாட்டி என்னை மலையேத்தி எறக்குனீங்களே பாய்" என்றார். திட்டிக்கொண்டேதான் வாங்கிப்போனார்.

அவர் அதை வாங்கியது பாட்டுக்காக மட்டுமல்ல. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த சிநேகிதி ஒருவர் சேலத்தில் இருந்தார். அவருக்கும் கண் தெரியாது. டெலிபோன் பூத் வைத்திருந்தார். இரண்டு பேரும் கேசட்டில் பேசி, தபாலில் அனுப்பிக்கொள்வார்கள். அதுதான் அவர்களுக்குக் கடிதம். சிநேகிதி ஒரு பக்கம் பேசி அனுப்புவார். அக்கா அதைக் கேட்டுவிட்டு, மறுபக்கம் பேசி அனுப்புவார். எந்தப் பக்கம் எது என்று தெரிய, ஊசியைச் சுட்டுக் கேசட்டின் ஓரத்தில் ஒரு துளை போட்டுவைப்பார். மாதத்துக்கு ஒன்று வரும், ஒன்று போகும். யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. யாரும் எழுதித் தர வேண்டியதில்லை.

ஒருதடவை சத்தம் மங்கலாக வருகிறது என்று டேப்பைக் கொண்டுவந்தார். நான் ஸ்பிரிட் தொட்டு உள்ளே துடைத்துவிட்டு, சரியாகிவிட்டதா என்று பார்க்க, அதற்குள் இருந்த கேசட்டையே ஓடவிட்டேன். "ஏண்டி, நீ போன மாசம் அழுதது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்று ஒரு பெண்குரல் கேட்டது. அவ்வளவுதான். அக்காவின் கை வந்து கட்டையை அமுக்கிவிட்டது.

"உங்க தபால நான் பிரிச்சனா பாய்?"

எனக்கு முகம் எரிந்தது. அதற்கப்புறம் அவர் டேப் வந்தால் வேறு கேசட் போட்டுத்தான் சோதிப்பேன். இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். அதைச் சொல்வதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

பிறகு சி.டி. பிளேயர்கள் வந்தன. தட்டுப் போட்டால் டி.வி.யில் படம் ஓடும். கேசட் வியாபாரம் படுத்துக்கொண்டது. ஒரு கம்பெனியிலிருந்து விளம்பர வேன் மலைக்கு வந்து, என் கடை முன்னால் பந்தல் போட்டுப் புதுப் பிளேயரை ஓட்டிக் காட்டினார்கள். டை கட்டிய ஒருவன் மைக்கில் பேசினான். எனக்கு ஏஜென்சி தருவதாகச் சொல்லியிருந்தான். அதனால் நான் அவன் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அக்கா கூட்டத்துக்குள் வழி கேட்டு வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கையில குடுங்க."

அவன் ரிமோட்டைக் கொடுத்தான். சின்னச் சின்னதாக முப்பது நாற்பது பட்டன், எல்லாம் ஒரே அளவு, ஒரே உருண்டை. அக்கா தடவிப் பார்த்தார்.

"இதுல பாட்டு எப்படிங்க மாத்தறது?"

"ரொம்ப ஈஸிம்மா. ஒரு பட்டனை அமுக்குனா டி.வி.யில லிஸ்ட் வரும். பார்த்து வேணுங்கறதை எடுத்துக்கலாம்."

"பாக்க முடியாதவங்க?"

அவன் அப்போதுதான் அவர் கண்ணைக் கவனித்தான். குரல் உடனே மாறியது. குழந்தையிடம் பேசுகிற குரல். "அதுக்கென்னம்மா, வீட்டுல யாராவது இருப்பாங்கல்ல? யாராவது போட்டுத் தருவாங்க."

"உங்களுக்கு யாருங்க போட்டுத் தர்றது?"

"எனக்கா? நானே போட்டுக்குவேன்."

"ஏன், உங்க ஊட்டுல யாரும் இல்லீங்களா?"

கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்துச் சமாளித்தான். அக்கா விடவில்லை.

"டெலிபோன்ல அஞ்சாம் நெம்பர் மேல ஒரு புள்ளி வெச்சிருக்கான். ஒரு மொளகு அளவுகூட இல்ல. அந்த ஒரு புள்ளி இருந்தா மீதி நெம்பரையெல்லாம் நானே கண்டுபுடிச்சுக்குவேன். உங்க கம்பெனியில ஒரு புள்ளிக்குப் பஞ்சமுங்களா?"

"கம்பெனிக்குச் சொல்றேம்மா" என்றான். சொல்லப்போவதில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சட்டைப்பையில் பேனா இருந்தது. அதை அவன் தொடக்கூட இல்லை. பிறகு போட்டோ எடுப்பவனைக் கூப்பிட்டு, "அம்மா கையில ரிமோட் இருக்கட்டும், அப்படியே ஒண்ணு எடு, நல்லா இருக்கும்" என்றான். அக்காவுக்கு அது காதில் விழுந்தது. ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். அந்தப் போட்டோவில் அவர் முதுகும் கொண்டையும்தான் விழுந்திருக்கும்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏஜென்சி கிடைத்தது.

அடுத்த தீபாவளிக்குப் பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கிக்கொள்ளலாம் என்று கடை முன்னால் தட்டி கட்டினேன். மலையிலிருந்து ரேடியோவும் டேப்புமாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். அக்காவின் தம்பியும் ஒரு நாள் வந்தான். சாக்குப்பையிலிருந்து எடுத்து வைத்தான். ஆறு கட்டை வைத்த அந்த டேப்.

"இது அக்காவோடதாச்சேங்க?" என்றேன்.

"ஊட்டுல புள்ளைங்க படம் பாக்கணும்னு ஒரே அடம் பாய். அக்காவுக்கும் எல்லாஞ் சொல்லியாச்சு. புதுசுலயும் பாட்டு வருமுல்ல?"

"வரும். ஆனா ரிக்கார்டு பண்ண முடியாதே. கேசட்டும் போட முடியாது."

"அதெல்லாம் பாத்துக்கலாம். யாராவது போட்டுக் குடுப்போம்."

அவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். அது எனக்குத் தெரிந்தது. இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நாளைக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். பின்னால் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் பிளேயரைப் பெட்டியில் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். பழைய டேப்பைக் குவியலில் வைத்தேன். அந்த வாரமே குவியல் முழுவதும் லாரியில் ஏறிச் சேலத்துக்குப் போய்விட்டது. அங்கே மோட்டாரை ஒருவன் எடுத்துக்கொள்வான், ஸ்பீக்கரை ஒருவன் எடுத்துக்கொள்வான்.

மூன்று வாரம் கழித்து, நல்ல மழையில், அக்கா தனியாக பஸ் ஏறி வந்தார். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. கடைக்குள் வந்து நின்றார். கையில குடுங்க என்று கேட்கவில்லை.

"எம் மிஷின் எங்க?"

உண்மையைச் சொன்னேன். லாரியில் போய்விட்டது என்று சொன்னேன். தம்பி உங்களிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார் என்றும் சொன்னேன்.

"எங்கிட்டக் கேட்டீங்களா?"

"இல்லீங்க்கா."

"நான் செத்தா போயிட்டேன்?"

அக்கா மடியிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய கேசட் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அது வந்து ஒரு வாரம் ஆகிவிட்டதாம். ஊரில் இன்னும் ரெண்டு வீட்டில் டேப் இருந்தது. ஆனால் அங்கே போட்டால் ஊரே கூடி நின்று கேட்கும். சிநேகிதி பேசுவதை ஊர் கேட்க அவர் விடமாட்டார். செம்மேட்டுக்குக் கூட்டிப்போ என்று தம்பியிடம் தினமும் கேட்டிருக்கிறார். மழை விடட்டும், சந்தை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போயிருக்கிறான்.

என் ரிப்பேர் மேசையில், கேசட் சோதிப்பதற்கென்று பழைய டேப் ஒன்று வைத்திருந்தேன். அதை எடுத்து முன்னால் வைத்துவிட்டு, "நான் வெளிய நிக்கறேங்க்கா" என்றேன்.

"வேண்டாம். இருந்து கேளுங்க."

கட்டையை அவரே அமுக்கினார். அதே பெண்குரல். நலம் விசாரிக்கக்கூட நேரமில்லாத அவசரம்.

"இங்க பாரு, ராசிபுரத்துல ஒரு பூத்து நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னு ஒதுக்கிருக்காங்க. உம் பேர நான்தான் குடுத்தேன். வார பொதன்கெழமை நாமக்கல் ஆபீசுல உன்னை நேர்ல பாக்கணுமாம். சர்ட்டிபிகேட்டு, போட்டோ ரெண்டும் எடுத்துக்க. லெட்டரும் உங்க ஊட்டுக்கு வரும். வந்தா உனக்குப் படிச்சுச் சொல்லுவாங்களோ என்னவோ, அதான் நான் பேசி அனுப்பறேன். பொதன்கெழமைய உட்டுட்டா அடுத்த ஆளுக்குப் போயிரும்டி. என்ன ஆனாலும் வந்துரு."

அன்றைக்குச் சனிக்கிழமை. அந்தப் புதன்கிழமை போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

அக்கா கேசட்டை நிறுத்தவில்லை. பேச்சு முடிந்து வெறும் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அழுவார் என்று நினைத்தேன். அழுதிருந்தால் எனக்கு ஆறுதல் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கும். அவர் அந்த வாய்ப்பை எனக்குத் தரவில்லை.

"திங்கக்கெழமை காலைல மொத பஸ்ஸுக்கு வாரேன். நீங்களும் வரணும்" என்றார்.

போனோம். நாமக்கல் ஆபீசில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கூப்பிட்டோம், வரவில்லை, அடுத்தவருக்குக் கொடுத்தாயிற்று என்றார். "ரிஜிஸ்டர் தபால்தாம்மா போட்டோம். உங்க வீட்டுல கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்களே" என்று ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார்.

"யாரு கையெழுத்து பாய்?"

நான் பார்த்தேன். மனசுக்குள்தான் படித்தேன்.

"உரக்கப் படிங்க."

தம்பியின் பெயரைப் படித்தேன். தேதி, கேசட் வருவதற்கு இரண்டு நாள் முன்னால்.

"படிச்சுச் சொல்ல யாராவது இருந்திருப்பாங்களேம்மா" என்றார் அதிகாரி, நிஜமான வருத்தத்தோடு. அக்கா எழுந்துவிட்டார்.

திரும்பும்போது செம்மேட்டில் நான் இறங்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். "வித்தவரும் வாங்க. வாங்குனவனும் இருக்கட்டும்." அவர் ஊர்வரைக்கும் போனேன். வாசலில் செருப்பு நிறையக் கிடந்தது. உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி எங்களைப் பார்த்ததும் எழுந்தான்.

"லெட்டரு எங்க?" என்றார் அக்கா.

அவனுக்குப் புரிந்துவிட்டது. முதலில் என்னை முறைத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். பேசியது அவன் பெண்டாட்டிதான். "நீங்க பாட்டுக்கு ராசிபுரம் போயிட்டா மொளகு யாருங்க பாக்கறது? ஊட்டு வேலை கெடக்குது."

"சும்மா இரு" என்று அவளை அதட்டிவிட்டு, தம்பி அக்காவின் பக்கம் வந்தான். "கண்ணு தெரியாம அங்க தனியா என்ன பண்ணுவ? யாராவது ஏமாத்திப் போட்டா? உன் நல்லதுக்குத்தான் சொல்லாம உட்டேன்."

"அந்த மிஷினயும் என் நல்லதுக்குத்தான் வித்தியா?"

அவன் வேண்டுமென்றே விற்றானா, இல்லை, பிள்ளைகள் அடம் பிடித்ததற்காகத்தான் விற்றானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதுவாக இருந்தாலும் அக்காவுக்கு ஒன்றுதான்.

அவர் சத்தம் வந்த திசையில் நடந்தார். பிள்ளைகள் விலகினார்கள். கையால் துழாவி டி.வி.யைத் தொட்டு, அதற்குக் கீழே இருந்த பிளேயரைத் தொட்டு, பின்னால் இருந்த ஒயர்களை ஒவ்வொன்றாக உருவினார். படம் நின்றது. ஒரு சின்னப்பிள்ளை அழ ஆரம்பித்தது. போட்டு உடைக்கப்போகிறார் என்று நினைத்தேன். உடைக்கவில்லை. பிளேயரைத் தூக்கிவந்து என் கையில் வைத்தார்.

"இது எம் மிஷினுக்கு மாத்தா வந்தது. எம் மிஷின் திரும்பி வந்தா இதுவும் இந்த ஊட்டுக்குத் திரும்பி வரட்டும். அதுவரைக்கும் இதக் கொண்டு போங்க."

கொண்டுவந்தேன். தம்பி வாசல்வரை வந்தான், தடுக்கவில்லை. கடைக்கு வந்து சேலத்து வியாபாரிக்குப் போன் போட்டேன். அவன் சிரித்தான். எந்த டேப் என்று கண்டுபிடிப்பது, எல்லாம் பிரித்துப்போட்டாயிற்று என்றான்.

அடுத்த நாளே என் மேசை டேப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் வைத்தே கேட்டார்.

"இது தர்மமா?"

"இல்லீங்க்கா."

"அப்ப என்ன?"

"நான் பண்ணுன தப்புக்கு."

"அப்பக் குடுங்க."

அந்தத் தை, மாசியில் மிளகு வந்தது. அக்கா கொத்தைத் தொடவில்லை. முற்றத்தில் பாய் விரித்து மிளகு கொட்டிக் கிடக்க, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று அந்த ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். கெஞ்சினார்களாம், திட்டினார்களாம், ஒரு நாள் சோறு போடாமலும் பார்த்தார்களாம். கை அசையவில்லை. தம்பி கொண்டுபோன மூட்டைக்குள் கையை விட்ட வியாபாரி, "என்னப்பா, இந்த வருஷம் பாதி பொக்கா இருக்குது?" என்று திருப்பி அனுப்பினார்.

மிளகு முடிந்த பிறகு சேலத்துச் சிநேகிதி வந்தார். கண் தெரியாதவர், அதற்கு முன் மலையே ஏறியிராதவர், தனியாக பஸ் பிடித்துச் செம்மேட்டில் இறங்கி, என் கடையைக் கேட்டு வந்தார். குள்ளமான உருவம், பெரிய குரல்.

"நீங்கதான அந்த பாய்?" என்றார்.

"ஆமாங்க."

"சரி. அந்த ஊருக்கு எந்த பஸ்ஸு?"

அவ்வளவுதான் என்னிடம் பேசியது. சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து திரும்பினார்கள். அக்காவிடம் ஒரு துணிப்பை, இடுப்பில் அணைத்தபடி டேப். தம்பியும் பின்னாலேயே வந்தான். கண் கலங்கியிருந்தது, பொய்யில்லை. "யாருமில்லாத எடத்துக்குப் போறியே" என்றான். அக்கா, "எல்லாரும் இருந்த எடத்துல நல்லா இருந்துட்டேன்டா" என்றார். சேலம் பஸ் வந்தது. படி உயரம்தான். சிநேகிதி முதலில் ஏறிக் கையை நீட்டினார். அக்கா டேப்பை அதில் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துத் தானே ஏறினார்.

இரண்டு வருஷம் கழித்துச் சேலத்துக்குச் சரக்கெடுக்கப் போனபோது சிநேகிதியின் பூத்தைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். அதற்கு முன்னால் கேட்கவே இல்லை. அக்கா கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஆட்கள் சொல்லச் சொல்ல நம்பரைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். விரல் அவ்வளவு வேகம். என் குரலைக் கேட்டதும் கண்டுகொண்டார்.

"பாயா? உக்காருங்க."

உட்காரவில்லை. அவர் கேட்டார்: "இப்ப கடையில என்ன விக்கறீங்க?"

"எல்லாம் டி.வி.டி. பிளேயர்தாங்க்கா. டேப் இப்ப வர்றதே இல்ல."

"கட்டை வெச்சது ஒண்ணாவது வருதா?"

"இல்லீங்க்கா. கம்பெனிக்கு ரெண்டு வாட்டி எழுதிப் போட்டேன். பதிலே இல்ல." அது உண்மை. ஆனால் சொல்லும்போது பொய் மாதிரி ஒலித்தது. பிறகு, ஒரு வழியாக, "அன்னைக்கு நான் பண்ணுனது தப்புத்தாங்க்கா. இன்னும் எம்மேல கோபம் தீரலீங்களா?" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தினார்.

"தீர்றதுக்கு என்ன மாறிப் போச்சுங்க பாய்?"

எனக்குப் பின்னால் ஒருவர் போன் பேச நின்றிருந்தார். அக்கா அவரிடம், "நெம்பர் சொல்லுங்க" என்றார். நான் ஒதுங்கி வழி விட்டேன்.

வெளியே என் சரக்கு வேன் நின்றது. பன்னிரண்டு பெட்டி ஏற்றியிருந்தேன். பன்னிரண்டும் புது மாடல், கண்ணாடி மாதிரி வழவழப்பு, முன்பக்கம் தடவினால் கைக்கு ஒன்றும் அகப்படாது. டிரைவர் வண்டியைக் கிளப்பினான். நான் ஏறி உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் அந்த மாதத்துக்குள் மலையில் விற்றும் விட்டேன்.